எடைமேடைக்கு அடியில்

கிழக்கு சரியாக வெளுக்கவில்லை. அதற்குள் அவள் முழங்கால்வரை சகதியில் நின்றாள்.

நிலக்கரி யார்டின் எடைமேடைக்கு அடியில் உள்ள குழி அது. தலைக்கு மேலே ஒரு துண்டுத் தண்டவாளம், மற்ற தண்டவாளத்தோடு ஒட்டாமல், இரண்டு கனத்த இரும்பு உத்தரங்களின்மேல் தனியாகக் கிடக்கும். கரி ஏற்றிய வேகன்கள் நிற்காமல், ஆள் நடக்கிற வேகத்தில் அதன்மேல் ஊர்ந்து போகும். கடக்கிற போக்கிலேயே ஒவ்வொரு வேகனின் எடையும் பக்கத்து அறையில் எண்ணாக எரியும். அளவு மீறினால் சிவப்பு விளக்கு. அந்த வேகனை ஒதுக்கி, அதிகப்படிக் கரியை வாரி இறக்கிய பிறகுதான் வெளியே விடுவார்கள்.

உத்தரங்களுக்கு அடியில் எதுவும் முட்டாமல் இருந்தால்தான் எடை சரியாக விழும். முட்டாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. யார்டில் அவளுக்குக் குழிக்காரி என்றே பெயர்.

கரித்தூள், எஞ்சின் ஒழுக்கிய எண்ணெய், மழைத்தண்ணீர், கேண்டீன் சாக்கடையின் எச்சில், வேகன் மறைவில் ஒதுங்கியவர்களின் மூத்திரம் எல்லாம் வடிந்து வந்து சேர்கிற இடம் அது. மண்வாரியைச் செருகி இழுத்தால் ‘சளக்’ என்று ஒரு சத்தம் வரும். அன்று மண்வாரியோடு ஒரு பெருச்சாளி வந்தது. ஊறி உப்பி, தோல் தனியே நழுவியது. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு அதைச் சட்டியில் சேர்த்தாள்.

“அண்ணி, உள்ளே இன்னைக்கு என்ன சமையல்?”

மேலேயிருந்து அவள் கொழுந்தன் எட்டிப் பார்த்தான். வேகன்களைக் கொக்கி மாட்டி இணைக்கிறவன். புருஷன் செத்ததிலிருந்து அவளுக்கும் அவனுக்கும் ஒரே உலை.

“பெருச்சாளி. உனக்குன்னு வால் பக்கமா எடுத்து வச்சிருக்கேன்.”

“ஐயோ, நீங்களே சாப்பிடுங்க, நான் விரதம்” என்று சிரித்தபடி சட்டியை வாங்கிக் கவிழ்த்தான். தூரத்தில் எஞ்சின் ஊதியது. அவள் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டான்.

அந்த வாரம்தான் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவளை வாசல்படிக்கு வெளியிலேயே நிறுத்தினார்.

“குழியில இனிமே தினமும் இறங்க வேணாம். நான் சொல்லும்போது வழிச்சாப் போதும். அதுவரைக்கும் ஆபீசைப் பெருக்கு, செடிக்குத் தண்ணி ஊத்து. கூலி அதே கூலிதான்.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. நரகத்திலிருந்து விடுமுறை கொடுத்தால் எவள் காரணம் கேட்பாள்? அன்று சாயங்காலம் நகக்கண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சில நாள் கழித்துச் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது கையில் குழி நாற்றம் வரவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாரங்கள் போயின. குழியில் சகதி ஏறியது. வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, மறுபடி காய்ந்து, உத்தரத்தின் வயிற்றைத் தொட்டு இறுகிப்போனது. வேகன்கள் அதன்மேல் ஊர்ந்தன. சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

கரி ஏற்றுகிறவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு எடைமேடை காட்டுகிற எடைக்குத்தான் கூலி. வேகனில் கரி கோபுரமாக ஏறியது, கூலியோ இறங்கிக்கொண்டே வந்தது. அவர்களில் ஒருவன், எல்லோரும் நெட்டையன் என்று கூப்பிடுகிறவன், ஒருநாள் மேனேஜரை வழிமறித்தான்.

“முன்னெல்லாம் விளிம்பு வரைக்கும் போட்டாலே சிவப்பு எரியும் சார். இப்போ விளிம்புக்கு மேல ஒரு ஆள் உயரம் போடச் சொல்றீங்க. எரியலையே?”

“மெஷின் சொல்றதுதான் கணக்கு. உன் கண்ணு சொல்றது இல்ல.”

“என் முதுகு சொல்லுது சார்.”

“முதுகு வலிச்சா வீட்டுல படு. வெளியில நூறு பேர் நிக்கிறான்.”

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த அவள் காதில் இது விழுந்தது. அன்று மத்தியானம் குழியின் விளிம்பில் குனிந்து பார்த்தாள். வேகன் கடக்கும்போது உத்தரம் மூச்சுவிடுகிற மாதிரி லேசாக இறங்கி ஏறும். இப்போது அசையவில்லை. சகதி அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. பாதிச் சுமை சகதியின்மேல், மீதிதான் எடையின்மேல். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எடை அறைக் கிளார்க்கிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உனக்கு வேலை மிச்சம்தானேம்மா? விடு. எனக்கும் பொண்ணு கல்யாணம் இருக்கு.”

அவள் விட்டாள். மறுபடி குழியில் இறங்க வேண்டுமே என்ற நினைப்பே அவள் வாயைக் கட்டிப்போட்டது.

மழை விட்ட ஒரு பிற்பகல். எடைமேடையைக் கடந்து தண்டவாளம் வளைகிற இடத்தில் ஒரு வேகனின் சுமை தாங்கும் வில்கட்டு படீரென்று முறிந்தது. வேகன் ஒருபக்கமாகச் சாய்ந்தது. கதவு பிய்ந்துகொண்டு விழ, மேலே குவித்திருந்த கரியெல்லாம் சரிந்தது. அந்தப் பக்கம் கொக்கிக் கம்போடு நடந்துகொண்டிருந்தான் கொழுந்தன்.

மண்வாரி படும் என்று பயந்து எல்லோரும் கையாலேயே வாரினார்கள். பெண்கள் நகம் பிய்ந்து ரத்தம் வரவரத் தோண்டினார்கள். முதலில் அவன் கை தெரிந்தது, பிறகு முகம். கால் கதவுக்கு அடியில் கிடந்தது.

மேனேஜர் வந்தார். செருப்பில் கரிச்சேறு படாமல் ஒரு கட்டையின்மேல் நின்றுகொண்டார்.

“மெயின் லைன் அடைச்சிருக்கா பாரு. முதல்ல லைனைக் கிளியர் பண்ணுங்க. எங்கே நிக்கணும்னு தெரியாதவனை எல்லாம் வேலைக்கு வச்சா இப்படித்தான். குடிச்சிருப்பான்.”

கரியில் மண்டியிட்டிருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள். செத்த பெருச்சாளியைக் கையால் எடுத்தவள் அவள். அப்போதுகூட இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியதில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். கண் விழித்தவன் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் ஆள் ஒருவன் திராட்சைப் பையோடு வந்தான். “கால் வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடு. செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும்” என்றான். கொழுந்தன் அண்ணி பக்கம் திரும்பினான்.

“நான் வழுக்கலை அண்ணி. நான் சும்மாதான் நடந்தேன்.”

அவள் திராட்சைப் பையை எடுத்து அந்த ஆளின் மடியில் வைத்தாள். வெளியே வராந்தாவில் வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீராக வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். அத்தனை வாரம் சுத்தமாக இருந்த தன் நகங்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அதற்கடுத்த நாள் காலை குழிப்பக்கம் மேனேஜர் அவளுக்காகக் காத்திருந்தார். கைக்குட்டை மூக்கில்.

“மத்தியானம் ரயில்வே இன்ஸ்பெக்டர் வரார். எடைமேடையைப் பார்ப்பாராம். அதுக்குள்ள குழியைச் சுத்தமா வழிச்சிடு. தண்ணி அடிச்சுக் கழுவு.”

“முடியாது சார்.”

“என்ன?”

“வழிக்க முடியாது.”

கைக்குட்டை கீழே இறங்கியது. “இரண்டு மடங்கு கூலி தரேன்.”

“வேண்டாம்னு சொன்னது நீங்க. இத்தனை வாரம் சேர்த்தது நீங்க. வர்றவரு பாக்கட்டும்.”

“உன் கொழுந்தன் ஆஸ்பத்திரிச் செலவு யார் கையில இருக்குன்னு தெரியுமா உனக்கு?”

வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பினாள். உரக்கச் சொன்னாள். குழியை வழிக்காதே என்று உத்தரவு வந்தது, சகதி உத்தரத்தைத் தாங்குவது, எடை குறைந்து விழுவது, சிவப்பு விளக்கு செத்தது, எல்லாம்.

நெட்டையன் முன்னே வந்தான். முகம் கறுத்திருந்தது.

“இது எப்போலேருந்து தெரியும் உனக்கு?”

“கொஞ்ச நாளா.”

“கொஞ்ச நாளா? நாங்க செத்துச் செத்துச் சுமந்தோம். தெரிஞ்சும் வாயைத் திறக்கலையா நீ?”

“திறக்கலை. குழியில இறங்காம இருக்கிறது எனக்குச் சொகமா இருந்துச்சு.” அவள் தலை குனியவில்லை. “காறித் துப்பணும்னா துப்புண்ணே. ஆனா இவன் சொல்றதுக்காக நான் உள்ளே இறங்கமாட்டேன்.”

கரி வாருகிற பெண்களில் மூத்தவள் சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டபடி சொன்னாள்: “டேய் நெட்டை, அந்தக் குழியில ஒரு நாள் இறங்கிட்டு வா. அப்புறம் அவளைக் கேளு.”

நெட்டையன் குழியை எட்டிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு கையிலிருந்த மண்வாரியை அதன் விளிம்பில் போட்டுவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினான்.

“இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் இதுல யாரும் கை வைக்கக் கூடாது சார்.”

“உங்களைக் கேட்டா? வெளியாளுங்களைக் கூப்பிட்டு ஒரு மணி நேரத்துல கழுவிடுவேன்” என்று கத்திக்கொண்டே போனார் மேனேஜர். சொன்னபடி ஒரு வண்டியும் வந்தது. தண்ணீர்க் குழாய், மண்வாரி சகிதம் ஆட்கள் அதிலிருந்து இறங்கினார்கள்.

அப்போது எஞ்சின் ஊதியது. கரி வேகன்களைத் தள்ளிக்கொண்டு எடைமேடையை நோக்கி ஊர்ந்து வந்தது. டிரைவர் சன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டி நெட்டையனைப் பார்த்தார். நெட்டையன் கையை உயர்த்தினான். முதல் வேகன் எடைமேடையில் ஏறியது, இரண்டாவது ஏறியது. பிரேக் கிரீச்சிட்டது. நிற்கவே கூடாத இடத்தில் ரயில் நின்றது. குழியின் வாய் முழுவதும் வேகனுக்கு அடியில் போய்விட்டது.

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். மேனேஜர் ஓடி வந்தார்.

“யோவ், வண்டியை எடுய்யா!”

“பிரேக் பிடிச்சுக்கிச்சு சார்.”

“பொய் சொல்றே!”

“மெஷின் சொல்றதுதானே சார் கணக்கு” என்றார் டிரைவர்.

சிரிப்பு ஒன்று எழுந்து பரவியது. வெளியாட்கள் வேகனையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன், “கால் போனது யாருக்குங்க?” என்று மெதுவாகக் கேட்டான். மூத்தவள் சொன்னாள். அவன் குழாயைச் சுருட்டத் தொடங்கினான். கரி ஏற்றுகிறவர்கள் மண்வாரிகளைக் கீழே போட்டுவிட்டுத் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்தார்கள்.

எடை அறையின் கதவு திறந்தது. கிளார்க் வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வந்து, தண்டவாளத்தின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் கடைசியில் உட்கார்ந்தார்.

“நீயுமாய்யா?” என்றார் மேனேஜர்.

கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்திருக்கவில்லை.

“போலீஸைக் கூப்பிடறேன். ஒருத்தனுக்கும் நாளைக்கு வேலை கிடையாது!”

“கூப்பிடுங்க. அவங்களும் வந்து குழியைப் பாக்கட்டும்” என்றான் நெட்டையன்.

வெயில் ஏறியது. இன்ஸ்பெக்டர் வருவாரா, வந்தாலும் குனிந்து பார்ப்பாரா, பார்த்தாலும் உள்ளதை எழுதுவாரா என்று யாருக்கும் தெரியாது. குழியிலிருந்து நாற்றம் புகைந்துகொண்டிருந்தது. மூத்தவள் குழிக்காரியின் பக்கத்தில் தோள் உரச வந்து உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ, என்னடி இப்படி நாறுது! எப்படித்தான் இறங்கினியோ.”

“இது என்னக்கா, பழகிடும்.” அவள் ஆபீஸ் வாசலில் நின்றிருந்த மேனேஜரை மோவாயால் சுட்டினாள். “அதுதான் இனிமே ஒரு நாளும் பழகாது.”

யார்டின் வெளிக்கதவுப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. இரண்டாவது ஷிஃப்ட்காரர்கள் வந்துவிட்டார்கள். நின்றிருந்த ரயிலைப் பார்த்தார்கள், தரையில் கிடந்த மண்வாரிகளைப் பார்த்தார்கள். யாரும் உடை மாற்றும் அறைப்பக்கம் போகவில்லை. சாப்பாட்டுத் தூக்குகளோடு நேராகத் தண்டவாளத்தை நோக்கி நடந்து வந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.