லாந்தர் கையேட்டின் முதல் வாசகி

ரீனாவுக்கு ஒரு குறை உண்டு. வாயை மூடிக்கொண்டு இருக்க வராது. மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூடப் பக்கத்தில் இருப்பவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் அடுத்த பாட்டுக்கு எழுந்து நிற்பாள். அப்படிப்பட்டவளை ஒரு சனிக்கிழமை முழுக்க ஊமையாக உட்காரச் சொன்னார் ஒருவர். அவர் பெயர் ஓலாவ். இருப்பது நார்வேயில். ரீனா அவரைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அது 2004. திண்டுக்கல் நாகல் நகரில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் ரீனா கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். பாடம் எடுப்பது விண்டோஸ். மனசு முழுக்க லாந்தர். லாந்தர் என்பதும் விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள்தான். ஆனால் அதற்கு முதலாளி கிடையாது. பல நாட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் கூடிச் செய்தது. யாரும் நகல் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், திருத்தியதை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி என்று சொல்லும் கையேடு எத்தனையோ மொழிகளில் இருந்தது. தமிழில் மட்டும் இல்லை.

இல்லாததை உண்டாக்க ரீனா இறங்கினாள். ஒன்றரை வருஷம். தினமும் வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கினாள். "சோறு போடாத வேலைக்கு இம்புட்டுப் பாடா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவளுக்கு அவளுடைய காரணம் இருந்தது. வகுப்புக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் தமிழ் மீடியம். கணக்கில் புலி, வாயாடுவதில் சிங்கம். ஆங்கிலத் திரையைப் பார்த்ததும் மட்டும் சுருங்கிப்போவார்கள். அடுத்த மாதம் வரமாட்டார்கள். ஒவ்வொருத்தி நின்றுபோகும்போதும் ரீனாவுக்கு வயிறு எரியும். அவர்கள் கையில் கொடுக்க ஒரு தமிழ்ப் புத்தகம் வேண்டும், அவ்வளவுதான்.

கையேடு முடிந்தது. இனி அது லாந்தரின் புதுப் பதிப்போடு சிடியில் ஏற வேண்டும். அங்கேதான் ஓலாவ் குறுக்கே நின்றார். கையேட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு கையேடு இருப்பதுபோல, லாந்தருக்கு வேலை செய்து கொடுப்பவர்களுக்கும் ஒரு கையேடு உண்டு. அதில் ஒரு விதி. புது மொழிக் கையேட்டைக் கம்ப்யூட்டரையே தொடாத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் படித்து, தானாகவே லாந்தரை ஏற்ற வேண்டும். தடுமாறினால் பரவாயில்லை, கையேட்டைப் பார்த்தே எழுந்துவிட்டால் தேர்ச்சி. பக்கத்தில் யாராவது பேசிவிட்டால் செல்லாது. நடந்ததை அப்படியே எழுதி ஞாயிறு மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த பதிப்புக்குத்தான், அது இன்னும் ஒன்றரை வருஷம் கழித்து.

கம்ப்யூட்டரைத் தொடாத ஆளுக்கு ரீனா அலையவில்லை. முத்துப்பேச்சி இருந்தாள். பத்தாவது வரை ஒரே பெஞ்சு. இப்போது தாடிக்கொம்புப் பக்கம் மல்லிகைத் தோட்டம், வெள்ளென எழுந்து பூ மார்க்கெட், ஊர்ப்பட்ட பேச்சு.

"பரீட்சைன்னாலே எனக்குக் காய்ச்சல் வருமே புள்ள," என்றாள் முத்துப்பேச்சி.

"பரீட்சை உனக்கில்லடி, என் புத்தகத்துக்கு."

"அப்ப நான் பெயிலானா நீதான் பெயிலா? வாரேன், வாரேன். பிரியாணி வாங்கித் தரணும்."

கண்காணிக்க ஒரு ஆள் வேண்டுமே. ரீனாவின் அம்மா சகாயராணி தமிழ் டீச்சர். அவர் பரீட்சை ஹாலில் நின்றால் ஃபேன்கூடச் சத்தமில்லாமல் சுற்றும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். முத்துப்பேச்சிக்கும் அவர்தான் டீச்சர்.

சனிக்கிழமை வந்தது. முத்துப்பேச்சி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஒரு கூடையோடு படியேறி வந்தாள். டீச்சருக்கு ஒரு முழம் பூ, ரீனாவுக்கு ஒரு முழம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கையேட்டை மடியில் வைத்துக்கொண்டாள். ரீனா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டாள்.

"அங்கிட்டுத் திரும்பி உக்காரு," என்றார் சகாயராணி.

"பேச மாட்டேம்மா. சத்தியமா."

"உன் வாயி பேசலன்னாலும் மூஞ்சி பேசும். சொவரப் பாத்து உக்காரு."

பெற்றவளுக்குத் தெரியாதா? ரீனா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கண்ணுக்கு எதிரே ஒரு காலண்டர், மூக்குக்கு எதிரே சுண்ணாம்பு. இனி காது மட்டும்தான் துணை.

முத்துப்பேச்சி உரக்கப் படித்தாள். "'சிடியை உறையிலிருந்து எடுக்கவும். பளபளக்கும் பக்கத்தில் விரல் படக் கூடாது.' சரி, படாது." பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கூடையில் எதையோ துழாவுவது கேட்டது. சந்தன வாசம் வந்தது. முத்துப்பேச்சி எப்போதும் பழனிச் சந்தனம் வைத்திருப்பாள், அதுதான் என்று ரீனா நினைத்துக்கொண்டாள். அப்புறம் தட்டு உள்ளே போகும் சத்தம். சிடி சுழன்றது. விர்ரென்றது, கரகரவென்றது, நின்றது. மறுபடி விர்ரென்றது.

"சிடியப் படிக்க முடியலன்னு வருது," என்றாள் முத்துப்பேச்சி. "நான் இம்புட்டு நல்லாப் படிக்கேன், இதுக்குப் படிக்க முடியலயாம்."

ரீனா நேற்றுத்தான் அதே சிடியை அதே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருந்தாள். வெண்ணெயாக ஓடியது. கேள்விகள் தொண்டைவரை வந்து முட்டின. விழுங்கினாள்.

முத்துப்பேச்சி பக்கம் புரட்டினாள். "'சிடியில் தூசி இருந்தால் மெல்லிய துணியால் துடைக்கவும்.' தொடச்சிருவோம்." துடைத்தாள், போட்டாள். விர், கர கர, நின்றது. மறுபடி துடைத்தாள், போட்டாள். அதே கதை. ரீனா காலண்டரில் இருந்த ஞாயிற்றுக்கிழமையையே பார்த்தாள். ஒன்றரை வருஷ உழைப்பு ஒரு கரகரப்பில் போகிறது. திரும்பி ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டால் எல்லாம் போச்சு.

"'சிக்கிக்கொண்டால்' அப்படின்னு ஒரு பாடம் இருக்கு டீச்சர்," என்றாள் முத்துப்பேச்சி. சகாயராணி வாயைத் திறக்கவில்லை. "'செய்ததையெல்லாம் முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கையேடு சொல்லாத எதையாவது செய்திருந்தால், அவற்றை ஒவ்வொன்றாக விலக்கி மறுபடி முயலுங்கள்.' நல்லாத்தான் எழுதியிருக்க புள்ள. சரி. மொதல்ல செருப்பக் கழட்டுனேன். அது இதுல இல்ல. திரும்பப் போட்டுக்கிறவா?"

ரீனா உதட்டைக் கடித்தாள்.

"டீச்சருக்குப் பூ குடுத்தேன். அதத் திரும்ப வாங்க முடியாது. இந்த டிவிப் பெட்டிக்குப் பூ வச்சேன், அத எடுத்துருவோம்." போட்டாள். கர கர. "பெட்டிக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சேன். அதையும் எடுத்தாச்சு." போட்டாள். கர கர. "வேற என்ன செஞ்சேன்? ஆங், சிடிக்குப் பொட்டு வச்சேன்."

ரீனாவின் முதுகு நிமிர்ந்தது.

"புது வேலை தொடங்குறோம், மூஞ்சி மொட்டையா இருக்குன்னு சந்தனம் வச்சு குங்குமம் வச்சேன். பளபளன்னு இருக்கதுதான மூஞ்சி? அது கையேட்டுல இல்லதான். ஆனா வைக்கக் கூடாதுன்னும் இல்லையே? வெரல் படக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. நான் வெரலாலயா வச்சேன்? தீக்குச்சியாலல்ல வச்சேன்!"

ரீனா துப்பட்டாவைச் சுருட்டி வாயில் திணித்தாள். துக்கமான விஷயங்களாக நினைக்கப் பார்த்தாள். பெரிய வெள்ளிக்கிழமையை நினைத்தாள். கணக்கில் தோற்றதை நினைத்தாள்.

"தொடைக்கச் சொன்னதையும் குறையில்லாமச் செஞ்சேன். மங்கலத்த அழிக்கலாமா? பொட்டு மேல படாம சுத்தி வரத் தொடச்சேன்."

அவ்வளவுதான். துப்பட்டா ஒரு பக்கம் போயிற்று, ஸ்டூல் ஒரு பக்கம் போயிற்று. ரீனா தரையில் கிடந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கீழே பாத்திரக் கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஓகோ," என்றாள் முத்துப்பேச்சி. "சங்கதி பொட்டுலதான் இருக்கா?" முந்தானையால் சிடியைச் சுத்தமாகத் துடைத்தாள். அதற்காகப் பொட்டில்லாமல் விட்டுவிடவில்லை. திருப்பி, எழுத்து இருந்த பக்கத்தில் புதுப் பொட்டு வைத்துப் போட்டாள்.

ஓடியது. என்னமாய் ஓடியது! முத்துப்பேச்சி படித்துப் படித்து, ஒவ்வொரு பொத்தானாகத் தேடித் தேடி அழுத்தினாள். ரீனாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆவதற்குள் திரையில் ஒரு லாந்தர் விளக்குப் படம் வந்தது. அதற்குக் கீழே, "வருக, முத்துப்பேச்சி."

"டீச்சர்! என் பேரு! டிவியில என் பேரு!" முத்துப்பேச்சி டீச்சரின் கையைப் பிடித்துச் சுற்றினாள். பள்ளிக்கூடத்தில் யாரும் செய்யத் துணியாத காரியம். சகாயராணியும் சுற்றத்தான் செய்தார். சுற்றி முடித்து மூச்சு வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு சொன்னார்.

"ஆனா செல்லாது."

சகாயராணி மகளைக் கைகாட்டினார்.

"இவ சிரிச்சதுலதான உனக்குப் பொட்டுன்னு தெரிஞ்சது? ஹால்ல ஒருத்தன் பதிலச் சொன்னா என்ன, சிரிச்சுக் காட்டுனா என்ன?"

"பொட்டு வைக்கும்போது நீ பாத்தியாம்மா?" என்றாள் ரீனா.

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

ரீனா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் முன்னால் சிரிப்பில் வந்த கண்ணீர் இப்போது உண்மையிலேயே வந்தது. தவளை தன் வாயால் கெடும் என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பார்! பேசாமல் இருந்தும் கெட்டாயிற்று.

"சிரிச்சத எழுதாத," என்றாள் முத்துப்பேச்சி. "நார்வேக்காரனுக்கு என்ன தெரியப் போகுது? நான் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன்."

சகாயராணி மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரீனாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை. செத்த நேரம் யோசிக்கக்கூடச் செய்தாள். ஆனால் 'ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள்' என்று அவளே தமிழில் எழுதியதை ஒருத்தி நம்பி, செருப்புக் கழற்றியதுவரை சொல்லியிருக்கிறாள். எழுதியவள் விடலாமா? உட்கார்ந்து எழுதினாள். சந்தனம், குங்குமம், தீக்குச்சி, எலுமிச்சம்பழம், ஸ்டூல், சிரிப்பு, அம்மாவின் தீர்ப்பு, எல்லாவற்றையும். அனுப்பினாள். அன்று சாப்பிட்ட பிரியாணி மண்ணாக இருந்தது. முத்துப்பேச்சிக்கு நன்றாகத்தான் இருந்தது, ரீனாவின் பங்கையும் சாப்பிட்டாள்.

மறுநாள் கோயிலில் ரீனா யாரிடமும் பேசவில்லை. உடம்புக்கு என்ன என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். பூசை முடிந்து மாடிக்கு வந்தபோது முத்துப்பேச்சி பூ விற்றுவிட்டு வந்து படியில் காத்திருந்தாள். சகாயராணியும் பின்னாலேயே ஏறினார். இண்டர்நெட் இணைப்பு முக்கி முனகிக் கிடைத்தது. ஓலாவின் பதில் வந்திருந்தது. ரீனா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"'உங்கள் அறிக்கையைக் குழுவுக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்து முடிக்க என்னால் முடியவில்லை, மீதியை என் மனைவி வாசித்தாள். முத்துப்பேச்சி அவர்கள் கையேட்டை மீறவே இல்லை. பொட்டு வைக்கக் கூடாது என்று நாங்கள் எந்த மொழியிலும் எழுதவில்லை. கையேட்டில் இல்லாத ஒன்றை ஒருவர் செய்தால் அவரைக் குறை சொல்வதில்லை, கையேட்டைத் திருத்துவோம். இதுதான் எங்கள் வழக்கம்.'"

"பாத்தியா?" என்றாள் முத்துப்பேச்சி.

"இரு. 'உங்கள் சிரிப்புக்கும் அதே வழக்கம்தான். யாரும் பேசக் கூடாது என்று எழுதியிருக்கிறோம். சிரிக்கக் கூடாது என்று எழுதவில்லை. உங்கள் தாயாரின் தீர்ப்பு நியாயமானது. ஆனால் விதியில் ஓட்டை விட்டது நாங்கள். தமிழ்க் கையேடு சிடியில் ஏறுகிறது.'"

ரீனா அந்தக் கடைசி வரியை மறுபடி ஒரு முறை தமிழில் சொன்னாள். பிறகு அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சகாயராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "மேல படி, மேல படி," என்றார்.

மேலே இரண்டு திருத்தங்கள் இருந்தன. பயன்படுத்துவோர் கையேட்டில்: சிடியின் பளபளக்கும் பக்கத்தில் விரலோ மங்கலக் குறியோ எதுவும் படக் கூடாது, குறி வைப்பதாக இருந்தால் எழுத்துள்ள பக்கத்தில் வைக்கவும். பங்களிப்போர் கையேட்டில்: சோதனை நடக்கும்போது கையேட்டை எழுதியவர் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. இரண்டும் எல்லா மொழிகளிலும் போகின்றன. ஒன்றரை வருஷமாக அங்கிருந்து வந்ததை ரீனா இங்கே தமிழாக்கிக்கொண்டிருந்தாள். இப்போது திண்டுக்கல்லில் நடந்ததை எங்கெங்கோ உட்கார்ந்து ஆட்கள் தங்கள் மொழிக்கு மாற்றப்போகிறார்கள். அதை நினைக்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடிதத்தின் கடைசியில், கையேட்டுக்குப் பங்களித்தவர்களின் பட்டியல் புதுசாக இருந்தது. ரீனா விரலால் தடவிக்கொண்டே கீழே இறங்கி, ஓர் இடத்தில் நின்றாள்.

"இங்க பாரு. முத்துப்பேச்சி, திண்டுக்கல்."

முத்துப்பேச்சி மூக்கு முட்டும் அளவுக்குத் திரையருகில் குனிந்து பார்த்தாள். ஆங்கில எழுத்தில் தன் பெயரைக் கண்டுபிடித்து, மேலேயும் கீழேயும் இருந்தவற்றைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

"எனக்கு மேல முல்லர்னு ஒருத்தரு, கீழ நீல்சன்னு ஒருத்தரு. யாரு இவங்க?"

"ஒருத்தர் ஜெர்மனி, ஒருத்தர் டென்மார்க். பெரிய ஆளுங்கடி."

முத்துப்பேச்சி அந்த இரண்டு பெயர்களையும் பரிவோடு பார்த்தாள்.

"பாவம், அவங்க என்ன தப்புப் பண்ணுனாங்களாம்?"