சிவப்புப் புள்ளிக்கு வால்ட்ஸ் தெரியாது

1

இந்தக் கதை ஒரு கல்யாண வீட்டில் கைதட்டிக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்தது. இரண்டு கையும் தட்டிக்கொண்டிருந்ததால் குறிப்பெடுக்க முடியவில்லை. ஆகவே இதில் பாதி நினைவு, பாதி புளுகு. எது எது என்று கேட்காதீர்கள். எனக்கே இப்போது குழப்பம்தான்.

டென்மார்க்கில், ஸ்வென்போர் என்ற ஊரில், இதயநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நெஞ்சுத் தோலுக்கடியில் டிஃபிப்ரிலேட்டர் வைத்துக்கொண்டவர்கள்தான் எங்கள் ஆட்கள். துடிப்பு தறிகெட்டு ஓடினால் அந்தக் கருவி உள்ளிருந்தே ஓர் அதிர்ச்சி கொடுத்து இதயத்தை வழிக்குக் கொண்டுவரும். கட்டிலருகே இருக்கும் சின்னப் பெட்டி, துடிப்பு விவரத்தையெல்லாம் எங்களுக்கு அனுப்பிவிடும். போன வருடம் அதைப் படிக்க ஒரு புது கம்ப்யூட்டர் புரோகிராம் வந்தது. யாருடைய துடிப்பு இனி தடுமாறக்கூடும் என்று முன்கூட்டியே கணித்து, பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைக்கும். காரணம் மட்டும் சொல்லாது. சரியான அழுத்தக்காரப் பிறவி.

2

முதல் தொடக்கம்: "டோர்கிலின் இதயம் ஒரு பழைய படகைப் போல—"

வேண்டாம். டோர்கில் தீவுக்குப் போகும் ஃபெரியை ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் இதயத்தைப் படகாக்க ஓர் எழுத்தாளர் தேவையில்லை.

இரண்டாவது: "ஜூன் மாத இளவெயிலில் மரணம்—"

மரணமா? என் கையை முறிக்க வேண்டும். இது கல்யாணக் கதை.

மூன்றாவது, நேராகவே சொல்லிவிடுகிறேன்: எழுபதைத் தாண்டிய டோர்கிலுக்கும் இங்கலீஸுக்கும் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தபோது, டோர்கில் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி விழுந்தது.

[இந்த ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரும் எல்லோருக்கும் "நீ"தான். தமிழில் எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. டோர்கிலை "நீங்க" ஆக்கிவிட்டேன். அவருக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார்.]

3

"உடம்பு எப்படி இருக்கு டோர்கில்?" என்று போனில் கேட்டேன்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். ஏன், உன் கம்ப்யூட்டர் கோள்மூட்டுதா?"

"வியாழக்கிழமை சாயங்காலம் ஆனா துடிப்பு எகிறுது. என்ன பண்றீங்க?"

"டிவி பாக்குறேன்."

"எல்லா வியாழக்கிழமையுமா?"

"நல்ல நிகழ்ச்சிம்மா."

மறுநாள் நேரில் வரச் சொன்னேன். எங்கள் டாக்டர் விபெக்கே ஒரு பார்வை பார்த்ததும் உண்மை வெளியே வந்தது.

"கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளை வால்ட்ஸ் ஆடணும். அதுல நான் புலின்னு இங்கலீஸ்கிட்ட அளந்துவிட்டுட்டேன். ஒரு அடிகூடத் தெரியாது. வியாழக்கிழமை அவ பாட்டுக் குழுவுக்குப் போயிடுவா. நான் சமையலறை நாற்காலியைக் கட்டிப்பிடிச்சு ஆடிப் பழகுறேன்."

"நாற்காலி என்ன சொல்லுது?" என்றார் விபெக்கே.

"காலை மிதிக்காதேங்குது."

வயிறு வலிக்கச் சிரித்தோம். இங்கேயே கதையை முடித்திருக்கலாம்: இயந்திரம் ஏமாந்தது, மனிதன் ஜெயித்தான். எழுதியும் பார்த்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நடந்தது அதுவல்ல. விபெக்கே திரையை டோர்கில் பக்கம் திருப்பினார்.

"வியாழக்கிழமைக்கு நாற்காலி பொறுப்பு. ஞாயித்துக்கிழமை தூக்கத்துல வந்த தப்புத் துடிப்புக்கு யாரு பொறுப்பு?"

புரோகிராம் சொன்னதில் பாதி நடனம், மீதி நிஜமான ஆபத்து. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. அதைச் சரிசெய்து, மாத்திரையையும் கூட்டினார் விபெக்கே. அதன்பிறகும் புள்ளி போகவில்லை.

"கல்யாணம்?" என்று கேட்டார் டோர்கில்.

"தாராளமா."

"வால்ட்ஸ்?"

"மெதுவா ஆடுங்க. ஆனா இங்கலீஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு ஆடுங்க."

4

இங்கலீஸை முதலில் அழவைத்தேன். ஜன்னலோரம், கையில் கைக்குட்டை, வெளியே மழை. படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து, ஊரில் பாதிப் பேரை மைதானத்தில் ஓடவிட்ட பெண் அவர். டோர்கில் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது இதுதான்:

"உனக்கு ஆடத் தெரியாதுன்னு நீ நடக்குறதைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டேன். அதை விடு. ஆடும்போது அந்தக் கருவி அடிச்சா என்ன ஆகும்?"

"குதிரை உதைச்ச மாதிரி இருக்குமாம். கீழே விழுந்துடுவேன்."

"விழாம பாத்துக்குறது என் வேலை."

[5 இல்லை. இதயத் துடிப்பைக் கணிப்பது பற்றி அதில் ஒரு கட்டுரையே எழுதியிருந்தேன். என் கணவர் இரண்டாம் பத்தியில் தூங்கிவிட்டார்.]

6

தோட்டத்தில் கூடாரம். ஊறவைத்த ஹெர்ரிங் மீன், புது உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி. யாரோ தட்டில் முள்கரண்டியால் தட்ட, எல்லோரும் தட்ட, இந்த ஊர் வழக்கப்படி மணமக்கள் நாற்காலிமேல் ஏறி முத்தமிட்டார்கள். கால்களால் தரையை உதைத்தோம். உதைத்தால் மேசைக்கடி என்பது கணக்கு; உள்ளே புகுந்து முத்தமிட்டார்கள். டோர்கில் தக்காளிபோலச் சிவந்து வெளியே வந்தார். நான் கவலையோடு விபெக்கேயைப் பார்த்தேன்.

"எனக்கு இன்னைக்கு லீவு," என்றார் அவர். ஆனாலும் டோர்கிலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்தது வால்ட்ஸ். மணமக்கள் ஆடுவார்கள். மற்றவர்கள் சுற்றி வட்டமாக நின்று, கைதட்டிக்கொண்டே அடிமேல் அடிவைத்து நெருங்குவோம், இருவரும் சுழல இடமில்லாமல் போகும்வரை. இசை தொடங்குமுன் இங்கலீஸ் மைதானக் குரலில் கத்தினார்.

"எல்லாரும் கேளுங்க! எப்பவும்போல நெருக்கினா போதாது. சட்டையோட சட்டை ஒட்டணும். இந்த ஆளு விழுறதுக்கு இடமே இருக்கக் கூடாது!"

"கருவி அடிச்சா எங்களுக்கும் ஷாக் அடிக்குமா?" என்று பின்னாலிருந்து ஒருவர்.

"லேசா சுரீர்னு இருக்கலாம், அவ்வளவுதான்," என்றார் விபெக்கே.

"அப்ப பங்கு போட்டுக்கலாம்!"

கூடாரமே ஆரவாரித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

7

ஆடுகிறார்கள். முதல் சுற்றிலேயே டோர்கில் இங்கலீஸின் காலை மிதித்துவிட்டார். "நாற்காலி பாவம்!" என்கிறார் இங்கலீஸ். நாங்கள் நெருங்குகிறோம்.

முடிவு ஒன்று: கருவி உதைக்கிறது. டோர்கில் விழவில்லை, விழ முடியவில்லை. வட்டம் முழுக்க "ஆவ்!" என்று கத்திவிட்டு அவரைத் தாங்கிக்கொண்டே—

முடிவு இரண்டு: ஒன்றும் நடக்கவில்லை. பாட்டு முடிகிறது, முத்தம், பிறகு காப்பி—

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. முன்கூட்டியே சொல்வது புரோகிராமின் வேலை. அது தன் வேலையைச் செய்துவிட்டது. இனி நம் வேலை. பாட்டு இன்னும் முடியவில்லை. வட்டத்தில் என் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவு இடைவெளி இருக்கிறது, டோர்கில் சாய்ந்தால் அந்தப் பக்கமாகத்தான் சாய்வார். வாருங்கள், வந்து நில்லுங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி.