மாஸ்க்குக்கும் மீசைக்கும் நடுவே

பயணம் நெருங்க நெருங்க அந்த வீட்டின் முன்னறையில் கால் வைக்க இடமில்லாமல் போனது. சோபா மேல் தொப்பிகள். நாற்காலி மேல் வெயிலுக்குப் பூசுகிற கிரீம், கொசுவுக்குப் பூசுகிற கிரீம், பாறை குத்தாமலிருக்க ரப்பர் செருப்பு, போகிற ஊர் பிளக்குக்குப் பொருந்துகிற அடாப்டர். வாயைப் பிளந்து கிடந்த பெட்டியைத் தாண்டித்தான் பார்லர்க்கா தினமும் வேலைக்குக் கிளம்பினாள்.

தெருமுனையில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் நடத்துவதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் கணவரும் வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை. தென்னை மரமும் வெள்ளை மணலும் உள்ள ஒரு தீவு. கரையை ஒட்டி, ஆழமில்லாத இடத்திலேயே பவளப்பாறை இருக்கிறது, மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு முகத்தைக் கவிழ்த்தால் போதும், நீச்சல் தெரியாதவர்களும் மீன் பார்க்கலாம் என்று எங்கோ படித்ததிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பார்லருக்கு வந்தவர்களின் புருவத்தில் நூலை வைத்துக்கொண்டே மீன் கதை பேசினாள். எழுந்து ஓட முடியாத நிலையில் அவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் இரண்டு, வாயில் கவ்விக்கொள்கிற மூச்சுக் குழாய் இரண்டு வாங்கி வந்தாள். அன்று சாயங்காலமே குளியலறையில் வெள்ளோட்டம். பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி அவள் முதலில் முகத்தை முக்கினாள். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. டப்பின் அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைக்கூட எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு எழுந்தாள்.

அடுத்து அவள் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீட்டளவு பெரிய கண்டெய்னரைக் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி இறக்கி வைப்பார் என்று பேர். முகத்தை முக்கிய வேகத்திலேயே தும்மிக்கொண்டு எழுந்தார். பட்டையை இறுக்கினார்கள். மாஸ்க்கை மாற்றிப் பார்த்தார்கள். எத்தனை தடவை போட்டாலும் மூக்குவரை தண்ணீர். மாஸ்க்கில் ஓட்டை என்று முடிவுகட்டி அவர் கடைக்கே எடுத்துப் போனார். கடைக்காரர் மாஸ்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தார்.

"மாஸ்க் மேல குத்தமில்ல சார். ரப்பர் தோல்ல ஒட்டணும். நடுவுல உங்க மீசை நிக்குது."

அது லேசுப்பட்ட மீசை இல்லை. மூக்கடியில் முளைத்து மேலுதட்டை மூடி, கன்னம்வரை கிளை விட்டிருந்தது. தெருவிலுள்ள பெண்களெல்லாம் பார்லர்க்காவின் கத்தரிக்குத் தலை கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்த அந்த மீசை மட்டும் அவள் கைக்கு வந்ததே இல்லை. கண்ணாடி முன் நின்று அவரே கத்தரித்துக்கொள்வார். கிட்டே போனாலே முறைப்பார்.

அவள் மெல்லப் பேச்செடுத்தாள். பாஸ்போர்ட் போட்டோவில் மீசை இருக்கிறது, அது இல்லாமல் போனால் ஏர்போர்ட்டில் உட்கார வைத்துவிடுவார்கள் என்றார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அப்புறம், அவள் போய் மீன் பார்க்கட்டும், தான் கரையில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீருக்குள் எதையாவது கண்டால் இவரிடம் காட்டத்தானே அவள் இத்தனை நாளாகத் துள்ளிக்கொண்டிருந்தாள்.

மீசையில் பெட்ரோலியம் ஜெல்லி பூசினால் தாங்கும் என்று யாரோ சொன்னார்கள். அப்பிக்கொண்டு பொது நீச்சல் குளத்துக்குப் போனார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் தாங்கத்தான் செய்தது. பிறகு ஜெல்லி கண்ணாடியில் ஏறி, எதிரே நின்ற மனைவியே அவருக்குப் பனிமூட்டமாகத் தெரிந்தாள். பின்னாலேயே தண்ணீரும் வந்தது.

மறுநாள் மாலை அவள் பார்லரைச் சாத்தப்போகும் நேரம், கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார். பெண்கள் வந்துபோகிற இடம் என்று எப்போதும் வாசலோடு நின்றுவிடுகிற மனுஷன். கையில் மாஸ்க். நேரே வந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"நீ பாக்கறதை நானும் பாக்கணும். எடுத்துடு."

அவள் துண்டைப் போர்த்தினாள். அவர் ஊசி போடப்போகிற பிள்ளை மாதிரிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் உடனே கத்தியை எடுக்கவில்லை. மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள். ரப்பர் பதிந்த தடம் மூக்குக்குக் கீழே ஒரு விரல் அகலம்கூட இல்லை.

"முழுசா வேணாங்க. மூக்குக்குக் கீழ ஒரு கோடு போதும்," என்றாள்.

கோட்டை மழித்து, மிச்சத்தை ஒழுங்கு செய்தாள். உதட்டை ஒட்டி மெல்லிசாக ஒரு மீசை மிஞ்சியது. அவர் ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் மற்றதை. முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்து வயசு குறைந்திருக்கிறதா என்று கேட்டார். அஞ்சு குறைந்திருக்கிறது, மீதியைத் தொப்பையில் குறைத்துக்கொள்ளலாம் என்றாள்.

சூட்டோடு சூடாகக் குளத்துக்குக் கிளம்பினார்கள். அவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கவிழ்ந்தார். அவள் பக்கத்தில் நின்று தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தும்மல் வரவில்லை. குழாய் வழியாகப் புஸ் புஸ்ஸென்று காற்று வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முதுகு மிதந்தது. அவளும் மாஸ்க்கை இறக்கிக்கொண்டு பக்கத்தில் கவிழ்ந்தாள். அடியில், நீல ஓடுகளின் மேல், யாரோ தொலைத்த மஞ்சள் கிளிப் ஒன்று கிடந்தது. அவர் அதை நோக்கி விரலை நீட்டிக் குழாய்க்குள் ஏதோ கத்தினார். "ஊ ஊ" என்றுதான் கேட்டது. அவளும் "ஊ ஊ" என்றாள். குளத்தை மூடுகிற நேரமாகி, காவலாளி விசில் ஊதி ஊதி அலுத்துப்போய், தண்ணீருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றபிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.

திரும்பும் வழியில் அவர் வாய் ஓயவில்லை. அந்தக் கடலில் ஆமை வருமா, மீன் கடிக்குமா, தண்ணீருக்குள் படம் எடுக்கப் போனுக்கு உறை கிடைக்குமா. போன் கடை இந்நேரம் திறந்துதான் இருக்கும் என்று அவள் சொன்னதுதான் தாமதம், ஈரத்தலையோடு வண்டியை அந்தப் பக்கம் திருப்பினார்.