சும்மா இருக்கிற ஆள்

புதியம்புத்தூரிலிருந்து வந்த பஸ்ஸில் துணிக்கட்டு இல்லை.

பல வருடங்களாகச் சனிக்கிழமைதோறும் கண்டக்டர் சீட்டுக்கு அடியிலிருந்து அதை இழுத்துக் கொடுப்பார். வெட்டிய ஃபிராக் துண்டுகளை வைத்துத் தைத்த சாக்குமூட்டை. மேலே 'ஆஸ்லின், கோவில்பட்டி' என்று சாக்பீஸால் எழுதியிருக்கும். முதலாளி பாக்கியசாமி அங்கே ஏற்றிவிடுவார். ஆஸ்லின் வீட்டு மெஷினில் தைத்து அடுத்த வாரம் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்புவாள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது எந்தக் கட்டும் தவறியதில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே பாக்கியசாமிக்குப் போன் போட்டாள்.

"டெல்வின் தம்பி பேசுச்சும்மா. திங்கக்கிழமையிலேருந்து நீ பிள்ளை பாக்கப் போறியாம், இனி கட்டு வேண்டாம்னு சொல்லிச்சு. வீட்டு ஆம்பள சொல்லும்போது நான் என்ன கேக்க? உன் பங்குத் துணிய சொர்ணத்தாய்க்குக் குடுத்துட்டேன்."

"துணி குடுக்கும்போது எங்கிட்ட குடுத்திய. நிப்பாட்டுதுக்கு மட்டும் அவன் சொன்னா போதுமா அண்ணாச்சி?"

கொடுத்த துணியைத் திரும்ப வாங்க முடியாது என்றார். புதியம்புத்தூரில் தன் தையல் யூனிட்டில் ஒரு மெஷின் சும்மா கிடக்கிறது, ஆனால் தினமும் காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. தெருவின் கரிசல் சகதி செருப்பில் அப்பி ஒவ்வொரு அடிக்கும் கனத்தது. வாசலில் தேய்த்து வழிக்காமல் அப்படியே கூடத்துக்குள் நடந்தாள்.

அண்ணன் டெல்வின் போனில் கால்குலேட்டரைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சபிதா பிள்ளை கிங்ஸ்டனுக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி லேபில் அவளுடைய பிரசவ லீவு முடிகிறது. ஒரு வாரமாக வீட்டில் இதே கணக்குதான். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள வேலுத்தாய் ஒன்பதாயிரமும் மதியச் சாப்பாடும் கேட்டாள். சர்ச் பக்கத்துக் காப்பகத்தில் நாலாயிரம்தான், ஆனால் நடக்கிற பிள்ளைகளை மட்டும் எடுப்பார்கள், நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வேலுத்தாய்க்கு மூவாயிரம் நான் தருகிறேன் என்று ஆஸ்லின் சொன்னபோது டெல்வின் சிரித்திருந்தான். அந்தச் சிரிப்பின் அர்த்தம் இப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு எவ்வளவு போட்டிருக்க?" என்று கேட்டாள்.

"உனக்கு எதுக்குட்டி சம்பளம்? வீட்டுல சும்மா இருக்கிறவதான. அண்ணன் பிள்ளைய பாக்கதுக்குக் காசு கேப்பியா?"

"சும்மா இருக்கேனா? இந்த வீட்டு கேஸு, கரண்டு பில்லு யாரு கட்டுதா?"

"அதெல்லாம் ஒரு வருமானமா? ஏதோ பொழுதுபோக்கா தைக்க."

"சீசன்ல மாசம் பன்னெண்டாயிரம் தைக்கேன். ஒன்பதாயிரத்த மிச்சம் பிடிக்கதுக்குப் பன்னெண்டாயிரத்தக் கெடுத்திருக்க. இந்தக் கணக்க வச்சுக்கிட்டா மணியாச்சியில ரயில்வே உனக்குச் சம்பளம் குடுக்கு?"

டெல்வினுக்கு முகம் சிவந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே தைக்கலாமே என்று சபிதா மெதுவாகச் சொன்னாள். தைக்கக் கூடாது, அந்த மெஷின் சத்தத்தில் பிள்ளை தூங்காது, அதனால்தான் துணிக்கட்டையே நிறுத்தச் சொன்னேன் என்று டெல்வின் அதட்டினான்.

சபிதா கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வேலுத்தாய வைப்போம்னுதான் நான் சொன்னேன், ஆஸ்லின்."

"இவன்ட்ட சொன்னிய மைனி. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியளா?"

சபிதா குனிந்துகொண்டாள். ஆஸ்லின் உள்ளே போய் மெஷின் தலையை உறையால் மூடினாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யாரோடும் பேசவில்லை. வழிக்குக் கொண்டுவந்துவிட்டதாக டெல்வின் நினைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை சபிதாவுக்குக் காலை டூட்டி. விடிந்ததும் அவள் கிளம்பிப் போனாள். முகத்தில் பாதி நுரையோடு டெல்வின் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தபோது, ஆஸ்லின் தூக்குவாளியைப் பையில் வைத்து, கிங்ஸ்டனை எடுத்து வந்து அவன் மடியில் உட்காரவைத்தாள். பிள்ளை கை நீட்டி நுரையைப் பிடித்தது.

"பால் ஃபிளாஸ்க்ல இருக்கு. சூடு பாத்துக் குடு."

"எங்கட்டி போற? எனக்கு டூட்டி இருக்கு."

"எனக்கும் டூட்டிதான். லீவு போடு. உன் ஒரு நாள் சம்பளம் எவ்வளவுன்னு அந்தக் கால்குலேட்டர்ல தட்டிப் பாரு."

பின்னாலிருந்து அவன் கத்தினான். பிள்ளையும் சேர்ந்து அழுதது. அந்த அழுகை தெருமுனை வரை அவள் கூடவே வந்தது. அவள் நிற்கவில்லை.

பஸ்ஸில் அதே கண்டக்டர். அவள் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் கட்டுக்குப் பதிலா நீயே போறியாம்மா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டயபுரம் தாண்டுவதற்குள் டெல்வின் நான்கைந்து முறை கூப்பிட்டுவிட்டான். அவள் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு செய்தி வந்தது. "வேலுத்தாய் நம்பர் அனுப்பு."

நம்பர் அவளிடம் இருந்தது. வேலுத்தாயிடம் சம்பளம் பேசியதே அவள்தான். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். மைனியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். இல்லையென்றால் அவனே தெருவில் இறங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வீடு வீடாகக் கேட்கட்டும்.