பாலத்தின் மேல் நாற்பத்தொரு கார்

"எல் கரிஸால் நகரத்துப் பொதுமக்கள் சகலருக்கும் நகராட்சி பெருமகிழ்ச்சியோடு அறிவிப்பது யாதெனில், வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணி முதல் நமது ஊரில் பேரிடர் என்பதே இருக்காது! மாண்புமிகு அமைச்சர் ரிப்பன் வெட்டி அதிநவீன மீட்பு வாகனத்தை மக்களுக்கு அர்ப்பணிக்கிறார். அனைவரும் துவைத்த உடையில் வரவும்!"

ஒலிபெருக்கி கட்டிய பழைய வேனில் ஒல்வின் மூன்று நாளாக இதையே கத்திக்கொண்டு ஊரைச் சுற்றினான். சேற்றுப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த வாழைத்தார் லாரிக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த டிக்னா அர்ரியாகா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்பா ஒல்வின், வியாழக்கிழமையிலிருந்து பேரிடர் இல்லையாமே? அப்போ நான் கடைய மூடிடட்டுமா?"

"எழுதிக் குடுத்தத வாசிக்கிறேன்கா. என்னைக் கேக்காத."

டிக்னாவுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருஷமாக இழுவை வண்டி ஓட்டுகிறாள். ஊர் அவளுக்கு வைத்த பெயர் கழுகு. எங்கே எது விழுந்து கிடக்கிறதோ அங்கே வந்து நிற்பாளாம். நடுரோட்டில் கார் படுத்துக்கொண்டால் "தோன்யா டிக்னா, தெய்வமே" என்று மரியாதை போட்டுக் கும்பிடுவார்கள். கார் ஓட ஆரம்பித்ததும் மறுபடி கழுகு. அவளும் சளைத்தவள் இல்லை. தன் வண்டியின் கதவில் பெரிய எழுத்தில் 'கழுதை' என்று எழுதி வைத்திருந்தாள். இழுப்பது கழுதை, உதைப்பதும் கழுதை என்பது அவள் கணக்கு.

புதன்கிழமை விடாமல் மழை அடித்தது. உலுவா ஆறு ஏறத் தொடங்கியதும் எல் கரிஸால் தன் பரம்பரை வழக்கப்படி நடந்துகொண்டது. ஆறு ஏறினால் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைப் பாலத்தின் மேல் ஏற்றிப் பூட்டிவிட்டு, சாவியோடு வீட்டு மாடிக்குப் போய்விடுவார்கள். ஊரிலேயே மேடான இடம் பாலம்தான். கல்லறைத் திடலும் மேடுதான், இடமும் தாராளம். ஆனால் செத்தவர்கள் பக்கத்தில் காரை நிறுத்தினால் ராசி இல்லையாம். சாயங்காலத்துக்குள் இரண்டு வரிசையில் நாற்பத்தொரு கார், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றது. கடைசியாக நகராட்சி வந்தது. புது மீட்பு வாகனத்தைப் பாலத்தின் வாயிலில், ஆறு பின்னணியில் விழுந்தால் படம் நன்றாக இருக்கும் என்று குறுக்காக நிறுத்தி, பந்தல் போட்டு, சிவப்பு ரிப்பனும் கட்டிவிட்டது.

வியாழன் விடிந்தபோது தாழ்வான பகுதியான லா வேகா முழுகிக்கொண்டிருந்தது. டிக்னாவின் அக்கா நின்ஃபாவின் வீடு அங்கேதான்.

"டிக்னா, தண்ணி ஜன்னலத் தொட்டுடுச்சுடி," என்றது போன். "பதினோரு பேரு கூரை மேல இருக்கோம். பக்கத்து வீட்டுக்காரன் டிவியையும் தூக்கிட்டு ஏறியிருக்கான், பாவி. ரெண்டு ஆளு எடத்த அடைக்குது."

"படகு வருதுக்கா. சான் பெத்ரோவிலிருந்து தீயணைப்புக்காரங்க கிளம்பிட்டாங்க."

படகு வந்துதான் இருந்தது. மூன்று லாரிகளில், மூன்று படகுகள், பாலத்துக்கு அந்தப் பக்கத்தில். பாலத்தடியில் வெள்ளம் மரங்களையே உருட்டிக்கொண்டு ஓடியது. அங்கே படகை இறக்க முடியாது. லாரி பாலம் தாண்டி லா வேகாவுக்கு வந்தால்தான் உண்டு. நடுவில் நாற்பத்தொரு கார்.

ஒல்வின் வேனை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனான். "லா வேகாவுல ஜனங்க முழுகுறாங்க! பாலத்துல கார் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு வந்து எடுங்க!" ஒரு மணி நேரம் கத்தினான். ஒரு மாடியில் திரை விலகி மறுபடி மூடிக்கொண்டது. அவ்வளவுதான்.

டிக்னா கழுதையைப் பின்னோக்கி விட்டுப் பந்தலுக்குள் நுழைத்தாள். குடையோடு குறுக்கே வந்து நின்றார் விழாக் குழுச் செயலர் எலிசியோ. மழையிலும் டை கட்டியிருந்தார்.

"நில்லும்மா! ரிப்பன் இன்னும் வெட்டல. தொடக்கூடாது."

"அமைச்சர் எங்க?"

"வெள்ளத்தால வர முடியல."

"அப்போ பேரிடர் இல்லைன்னு யாரு அறிவிச்சது? சரி, விடுங்க. இவ்ளோ பெருசா வாங்கியிருக்கீங்களே, இதையே எடுத்து அந்தக் காருங்கள இழுங்க. நான் கை தட்டிட்டுப் போறேன்."

எலிசியோ இருமினார். "அது வந்து... இன்னும் பயன்பாட்டுக்கு வரல."

"சாவி?"

"மேயர்கிட்ட. மேயர் தலைநகர்ல."

"நகருங்க ஐயா. டை நனையுது."

அவள் கொக்கியை மாட்டினாள். இழுவைக் கம்பியைச் சுற்றும் வின்ச் முனகியது. முப்பது வயதுக் கழுதை, நேற்று வந்த பளபளப்பான யானையை ரிப்பன், பலூன், 'நல்வரவு' பலகை எல்லாவற்றோடும் சேர்த்துத் தரதரவென்று ஓரமாக இழுத்துப் போட்டது. பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்து எலிசியோவின் குடை மேல் உட்கார்ந்தது. "நகராட்சிச் சொத்து!" என்று துணிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

முதல் கார் வக்கீல் எவேலியோவுடையது. ஹேண்ட் பிரேக் போட்டுப் பூட்டியிருந்தது. பின் சக்கரங்களுக்கடியில் சோப்பு தடவிய தகரத்தைச் செருகி வழுக்கி இழுத்தாள். வெளியே வருவதற்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. பக்கக் கண்ணாடி ஒன்று பாலத்திலேயே தங்கிவிட்டது. இன்னும் நாற்பது. பத்து மணி நேரம்.

போன் அடித்தது. "டிவியத் தள்ளிவிட்டுட்டோம்டி," என்றாள் நின்ஃபா. குரலில் சிரிப்பு இல்லை. "இனிமே தள்ளுறதுக்கு மனுஷங்கதான் பாக்கி."

டிக்னா கொக்கியைக் கீழே போட்டாள். பிறகு திரும்பி வந்துகொண்டிருந்த வேனை மறித்தாள்.

"ஒல்வின், மைக்கைக் குடு."

"கத்திப் பாத்துட்டேன்கா. ஒருத்தனும் வரல."

"நீ தப்பாக் கத்தியிருக்க. குடு."

சர்ச்சுச் சதுக்கத்தில் வேனை நிறுத்தச் சொல்லி, சத்தத்தை முழுசாகக் கூட்டினாள்.

"எல் கரிஸால் நகரத்துக் கார் முதலாளிகளுக்கு ஒரு அறிவிப்பு! நான் கழுகு பேசுறேன். வக்கீல் கார்ல கண்ணாடி போயிடுச்சு. மிச்ச நாப்பது காரையும் ஒண்ணொண்ணா ஆத்துல தள்ளப் போறேன். வெள்ளைக் காரிலிருந்து ஆரம்பிக்கிறேன். நன்றி!"

ஊரில் பதினாறு வெள்ளைக் கார் இருந்தது.

கதவுகள் படபடவென்று திறந்தன. பனியனோடு வந்தவர் உண்டு. ஷேவிங் நுரையோடு வந்தவர் உண்டு. மூட்டுவலியால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட வராத மருந்துக்கடைக்காரர் முழங்கால் தண்ணீரில் குதிரை மாதிரி ஓடினார். "பிணந்தின்னி! தொட்டே, கையை ஒடிப்பேன்!" என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டே சாவியைத் திருப்பினார்கள். இருபத்தைந்து நிமிஷத்தில் பாலம் காலி. நாற்பது காரும் கல்லறைத் திடலில் செத்தவர்களோடு சமத்தாக நின்றன. படகு லாரிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு லா வேகாவுக்குப் பறந்தன.

மதியத்துக்குள் கூரை மேலிருந்த பதினோரு பேரும் பாலத்தின் வாயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். நின்ஃபா தங்கையைக் கட்டிக்கொள்ளவில்லை. தலையில் ஒரு குட்டு வைத்தாள். "இவ்ளோ நேரமா?"

கார் முதலாளிகள் அதற்குள் ஒரு கூட்டமாகிவிட்டார்கள். உடைந்த கண்ணாடியைக் கையில் ஏந்திக்கொண்டு வக்கீல் முன்னால் நின்றார்.

"உம்மேல கேஸ் போடுவேன். பொய் அறிவிப்பு, சொத்துச் சேதம், மிரட்டல்."

டிக்னா கையுறையைக் கழற்றினாள்.

"போடுங்க வக்கீலய்யா. கோர்ட்டுல நானே சொல்றேன். மனுஷங்க முழுகுறாங்கன்னு இந்த ஒல்வின் ஒரு மணி நேரம் தொண்ட கிழியக் கத்தினான். ஒரு ஆளு இறங்கி வரல. காரைத் தள்ளுறேன்னு நான் ஒரே ஒரு தடவ சொன்னேன், பனியனோட வந்தீங்க. கார் முழுகிச்சுன்னா நாளைக்கு நான் வந்து இழுத்துத் தருவேன், அதுதான் என் பொழப்பு. மனுஷன் முழுகினா எந்தக் கொக்கி போட்டு இழுத்து என்ன பிரயோஜனம்? ஆபத்து நேரத்துல ரோடு உங்க வீட்டுக் கொட்டகை இல்ல. உசுரக் காப்பாத்தப் போற பாதை. மொதல்ல வழிய விடுங்க. அப்புறம் வந்து என்னைக் கழுகுன்னு கூப்பிடுங்க, திரும்பிப் பாக்குறேன்."

வக்கீல் கண்ணாடியைப் பார்த்தார். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த நின்ஃபாவின் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு போய்க் காரை எடுத்து வந்து, நால்வரைப் பள்ளிக்கூட முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார். மூன்று தடவை போய் வந்தார். இருக்கையின் பிளாஸ்டிக் உறையை மட்டும் கழற்றவில்லை.

அடுத்த வியாழக்கிழமை விழா நடந்தது. அமைச்சர் ரிப்பன் வெட்டினார். வெள்ளத்தின்போது பாலத்தைத் திறந்து மக்களைக் காத்தது இந்த அதிநவீன வாகனமே என்று பேசினார். எலிசியோ புது டையோடு கை தட்டினார். கூட்டத்தின் ஓரத்தில் பலேயாதா ரொட்டி தின்றுகொண்டிருந்த டிக்னா, புது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்னக்கா?" என்றான் ஒல்வின்.

அந்தப் புது வண்டிக்கு இன்னும் இழுவைக் கம்பியே வாங்கவில்லை.