மூப்பரம்மாவின் உபவாசம்

“சூப்பு எங்க?” என்றார் மூப்பர் பியோ.

“உங்க முன்னாலதான இருக்கு.”

“என்னுது இருக்கு. உன்னுது எங்கன்னு கேக்குறேன்.”

முப்பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் இந்தக் கேள்வியைக் கேட்பது இதுவே முதல் தடவை. கும்ஜாவுக்கு மனது குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சி அரை நிமிடம் நீடித்தது.

“வெறும் வயித்தோட போய் அங்க மயங்கி விழுந்து வைக்காத. இன்னிக்கு சபையில நானூறு முட்டைக்கோஸுக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடணும். நீ படுத்துட்டா உப்பு யாரு பாப்பா?”

“ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்கப் போறாங்க. அதுவரைக்கும் எதுவும் சாப்பிடக் கூடாது. மூணு தடவ சொல்லிட்டேன்.”

“அதுக்கு இன்னிக்கேதான் கிடைச்சுதா? ஆஸ்பத்திரி எங்கயாவது ஓடிப் போகுதா?”

ஆஸ்பத்திரி ஓடாது. வருடம்தான் ஓடுகிறது. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து இரண்டு வருடத்துக்கொரு முறை இலவசப் பரிசோதனைக் கடிதம் வரும். கும்ஜாவின் முதல் கடிதத்தைச் சபையின் ஆண்டுவிழா தின்றது. இரண்டாவதை எழுப்புதல் கூட்டம் தின்றது. மூன்றாவது தடவை அவளுக்குக் கிடைத்த நாளில் மூப்பருக்கே பரிசோதனை. அவருக்கு வெள்ளைக் கஞ்சி வைத்துக் கொடுத்து, வாசலில் அவர் செருப்பைக் காவல் காத்தாள். இது நான்காவது. கோடையிலிருந்து நெஞ்சுக்குழிக்குக் கீழே நெருப்பு வைத்த மாதிரி ஓர் எரிச்சல். அவளுடைய அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அக்கா அதற்கு இஞ்சிக் கஷாயம் குடித்தாள், பிறகு செத்துப்போனாள். டிசம்பர் முடிவதற்குள் குன்சான் நகரம் முழுக்க விசாரித்ததில் காலியாக இருந்தது இந்த ஒரு மதியம்தான்.

“ஊசி போட்டுத் தூங்க வைக்கணும்னா கூட ஒரு ஆள் வரணுமாம்,” என்றாள்.

“லாரிய யாரு பாக்குறது?” என்று மூப்பர் சோற்றைச் சூப்பில் கவிழ்த்தார்.

லாரிக்கு ஓட்டுநர் உண்டு. ஆனாலும் கும்ஜா வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்கு நல்ல பழக்கம். அன்று அதற்கு மருத்துவ அவசியமும் இருந்தது.

சபை முற்றத்தில் நீலத் தார்ப்பாய் விரித்து, சிவப்பு ரப்பர் கையுறைகளோடு மாதர் சங்கத்தார் உட்கார்ந்திருந்தார்கள். மூப்பர்மார் இயந்திரக் காப்பியைக் கையில் பிடித்தபடி லாரியை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது.

மல்சூன் ஓர் இலையில் மசாலாவைச் சுருட்டிக் கும்ஜாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். சந்தையில் மீன் விற்பவள். குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

“ஆ காட்டுங்கக்கா.”

“வேணாம்டி.”

“உப்பு பாக்காம எப்படி? போன வருஷம் போதகரம்மா பாத்து, மார்ச் வரைக்கும் கடல் தண்ணியா குடிச்சோம். ஆ!”

“இன்னிக்கு நான் எதுவும் சாப்பிடக் கூடாது.”

தார்ப்பாய் முழுக்கச் சத்தம் அடங்கியது.

“உபவாசமா அக்கா?” என்றாள் மல்சூன், குரலைத் தாழ்த்தி. அதாவது தெருமுனை வரை மட்டும் கேட்கும்படி.

இல்லை, பரிசோதனை என்று சொல்லத்தான் கும்ஜா நினைத்தாள். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, ‘நாளைக்கு வச்சுக்கக் கூடாதா?’ அதற்கு அடுத்தது, ‘அவ்வளவு பெரிய வியாதியா?’ யோசித்து முடிப்பதற்குள் தலை தானாக ஆடிவிட்டது.

நாற்காலி வந்தது. முப்பது வருடமாகக் கிம்ச்சி போடுகிறாள். அவளுக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. ஒருத்தி அவள் கையுறையைக் கழற்றினாள். இன்னொருத்தி தோளில் கம்பளி போர்த்தினாள்.

“யாருக்காக மூப்பரம்மா?” என்று போதகரம்மா கண் கலங்கக் கேட்டாள்.

அத்தனை பேரும் அவளுக்குப் பதில் சொல்லும் வேலை வைக்காமல், திரும்பி மூப்பர் பியோவைப் பார்த்தார்கள்.

பத்து நிமிடத்தில், தார்ப்பாய்ப் பேச்சில் மூப்பருக்குக் கடன். இருபது நிமிடத்தில் சியோலில் இருக்கும் மகனுக்கு விவாகரத்து. அரை மணி நேரத்தில், துறைமுகத்துக் காப்பிக்கடையில் சிவப்பு உதட்டுச்சாயம் பூசிய ஒருத்தி. போதகர் நேராகப் போய் மூப்பரின் தலையில் கை வைத்து, “கர்த்தாவே, இந்தச் சகோதரனை அந்தக் கண்ணியிலிருந்து விடுவியும்!” என்று உரக்க ஜெபித்தார். மற்ற மூன்று மூப்பர்களும் கை வைத்தார்கள். காப்பி அவருடைய சட்டையில் கொட்டியது.

“எந்தக் கண்ணி?” என்று மூப்பர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு மணிக்குக் கும்ஜா எழுந்தாள். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, வழிவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது பின்னால் பூண்டு வாசனை வந்தது. கையுறைகூடக் கழற்றாமல் மல்சூன்.

“உபவாசக்காரி பைக்குள்ள ஆஸ்பத்திரிக் காகிதம் எதுக்கு?”

“எட்டிப் பாத்தியா?”

“பை திறந்து கெடந்துச்சு, கண்ணு திறந்து கெடந்துச்சு. தூங்க வச்சா கூட யாரு இருப்பா?”

“தூங்காமலே பண்ணிக்கிறேன்.”

“அட போக்கா. குழாய முழிச்சுக்கிட்டே முழுங்க நீ என்ன சர்க்கஸ்காரியா? நான் வரேன்.” பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்: “என் கடுதாசியும் ஆறு வருஷமா அரிசி டப்பாவுக்கு அடியிலதான் கெடக்கு.”

கும்ஜாவின் வயிற்றில் ஒரு சின்ன வளர்ச்சி இருந்தது. அங்கேயே வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் சொன்னார்: “கெட்டதா மாற ஆரம்பிச்சிருந்துச்சும்மா. முழுசா எடுத்தாச்சு. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா இப்படி உக்காந்து பேசிட்டிருக்க மாட்டோம். மூணு மாசத்துல மறுபடி வாங்க.”

வீட்டில் மூப்பர் அதைக் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, “அதுக்காக என் தலையில நாலு பேரக் கை வைக்க விடுவியா? உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

“காலையில உங்ககிட்டச் சொன்னது உண்மைதானே?” என்றாள் கும்ஜா.

அவர் எழுந்துபோய்த் தன் கிண்ணத்தைத் தானே கழுவினார். பாதி சோப்பு கிண்ணத்திலேயே இருந்தது.

அதற்குள் மல்சூன் சந்தையிலும் சமையல்கட்டிலும் ஆஸ்பத்திரி உபவாசத்தின் சேதியைக் காதோடு காதாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். “பொய்யில்லடி. வயிறு காயுதா இல்லையா?” பெண்கள் ஒருவர் பின் ஒருவராக உபவாசத்துக்கு நாள் கேட்டார்கள். போதகருக்குத் தலைகால் புரியவில்லை, பிரசங்கத்திலேயே பெருமைப்பட்டுக்கொண்டார். சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: தேதி, பெயர், யாருக்காக. பதினோரு பேர் எழுதினார்கள். தேதிகள் எல்லாம் ஆஸ்பத்திரி கொடுத்தவை. ‘யாருக்காக’ என்ற கடைசிக் கட்டத்தில் புருஷன், மகனின் பரீட்சை, மருமகளின் பிரசவம், மறுபடியும் புருஷன்.

கும்ஜா மறு பரிசோதனைத் தேதியை எழுதினாள். பெயர், பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு: சா கும்ஜா. யாருக்காக: சா கும்ஜா.

“மூப்பரம்மா, ஞாபகமில்லாம உங்க பேரையே ரெண்டு தடவ எழுதிட்டீங்க,” என்று போதகரம்மா சிரித்தபடி வெள்ளை மை தடவி, அழகான கையெழுத்தில் ‘மூப்பர் பியோ’ என்று திருத்தினாள்.

கும்ஜா அவளிடம் அந்த வெள்ளை மைப் புட்டியைக் கேட்டு வாங்கினாள். மூப்பரின் மேல் ஒரு பூச்சு பூசி, குனிந்து ஊதினாள். அது காய்வதற்கு நேரம் பிடித்தது. பின்னால் பேனாவுக்குக் காத்து நின்ற மல்சூன், “நல்லா காயட்டும்க்கா, அவசரமில்ல,” என்றாள்.