வெள்ளிமீன் கழகத்தின் எக்காலத்துக்குமான ஐவர்

1992 ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாப்போலிக் கப்பலிலிருந்து இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தில் இறங்கிய தமிழர் மூவரில் இருவர் ஏற்கெனவே செத்துப்போனவர்கள். மற்றவர் ரொறன்ரோவில் உயிரோடு இருந்தார். கப்பல் இருபது நிமிடம் பிந்தி வந்தது. முதலில் இறங்கியவர் கிறிகோரி, ஆறடி மூன்றங்குலம், வெறுங்கால், 1951 இல் இருந்த உடம்பு. அடுத்தவர் ஏர்னஸ்ற், 1964 இல் இருந்த தலைமயிர். மூன்றாமவர் வேட்டி கட்டியிருந்தார், கையில் மாட்டுச் சாட்டை. சுங்கத்துக்காரர்கள் அந்தச் சாட்டையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள்.

இவர்களை வரவழைத்தது ஒரு விண்ணப்பப் படிவம். பலேர்மோவில் வேலை செய்த யாழ்ப்பாணத்தார் ஞாயிறுதோறும் கூடினால் பேச்சு எப்படியும் வெள்ளிமீன் கூடைப்பந்துக் கழகத்தில்தான் போய் முடியும். ஊரில் நாற்பது வருடம் நடந்த கழகம் அது. கிண்ணம் வென்றது இரண்டு தடவை. மிச்சத் தடவையெல்லாம் நடுவர் பிழை. எல்லாக் காலத்து ஆட்டக்காரரிலும் சிறந்த ஐவர் யார் என்ற விவாதத்தில் இரண்டு சகலன்மார் பேச்சை நிறுத்தியிருந்தார்கள், ஒரு நிச்சயதார்த்தம் குழம்பியிருந்தது. ஆகவே அருளம்பலம் ஏழு பேர் கொண்ட தெரிவுக்குழு ஒன்றை அமைத்தார். ஏழில் ஆறு பேர் ஏதோ ஒன்றுக்குத் தலைவர்கள். அருளம்பலம் கிழமை நாட்களில் ஒரு வக்கீல் வீட்டில் சமையல், ஞாயிற்றுக்கிழமைகளில் பலேர்மோத் தமிழர் ஒன்றியத் தலைவர். ஊரில் அவர் கரும்பலகையில் புள்ளி எழுதியவர். ஆனால் 1990 இல் பலேர்மோ வந்து இறங்கியபோது மாற்று ஆட்டக்காரராக இருந்திருந்தார், 1991 இல் நிரந்தர ஆட்டக்காரராக இருந்திருந்தார், இப்போது உபதலைவராக இருந்திருந்தார். கடந்த காலத்தில் அவ்வளவு வேகமாக முன்னேறிய வேறு மனிதரை அந்த நகரம் கண்டதில்லை.

கனவு அணியைக் காகிதத்தில் எழுதி வைக்க நல்ல காகிதம் வேண்டுமென்று விளையாட்டு மண்டபத்திலிருந்து ஒரு பதிவுப் படிவம் எடுத்துவந்தார்கள். மூன்று பெயரில்தான் உடன்பாடு வந்தது. அவற்றை எழுதி முடிந்ததும் யாரோ அதை உண்மைப் படிவம் என்று நினைத்து மண்டபத்துப் பெட்டியில் போட்டுவிட்டார். அடுத்த செவ்வாய் மூவரும் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் தன் மிகச் சிறந்த ஆட்டத்தை ஆடிய வயதில் வந்தார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது, தான் செத்தது உட்பட.

மூன்றாமவர் விடயத்தில் மட்டும் குழப்பம். அங்கே வரவேண்டியவர் 1969 இன் புகழ்பெற்ற ஞானசேகரம்.

“ஐயா, நீங்கள் ஞானசேகரமோ?” என்று அருளம்பலம் கேட்டார்.

“ஞானசேகரம் ஆர்? நான் சின்னையா. போன மாதந்தான் கலியாணம் கட்டினனான். என்ரை மாடுகள் எங்கை?”

இத்தாலியப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். யாழ்ப்பாணத்தானுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் உண்டு. முதற் கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதிச் சமாளிப்பார்கள். குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் விசாக் காகிதத்துக்கு வரிசையில் நிற்கும்போது தகப்பன் பெயரைத்தான் கூப்பிடுவார்கள், அங்கே தகப்பனுக்காக எழும்பிப் போய் எல்லோரும் பழகியிருந்தார்கள். கிறிகோரிக்கும் ஏர்னஸ்றுக்கும் கட்டங்களைச் சரியாக நிரப்பிய அருளம்பலம், மூன்றாவது பெயருக்கு வந்தபோது தன்னுடைய உபதலைவர் காலத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். மகன் பெயர் முதற் கட்டத்திலும் தகப்பன் பெயர் சொந்தப் பெயர்க் கட்டத்திலும் விழுந்தன. படிவம் சொன்னபடி தகப்பன் வந்தார், மகன் பிறப்பதற்கு முந்தின, மாட்டுவண்டிச் சவாரிப் போட்டியில் முதலாவதாக வந்த வயதில். பதிந்தது பதிந்ததுதான் என்பதால் அவரையே ஆடச் சொன்னார்கள். நான்காவது இடத்தை அருளம்பலம் தானே ஏற்றுக்கொண்டார், குழுவின் வேண்டுகோளுக்கிணங்க. குழு வேண்டிக்கொண்டதாகக் குழுவுக்கு ஞாபகமில்லை.

இந்தப் பிழையை ஆராயத் தெரிவுக்குழு மூன்று கூட்டம் நடத்தியது. குகனேஸ்வரிக்கு ஒரு தடவை சின்னையாவின் வேட்டியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அவளுக்கு முப்பத்துநாலு வயது. கடற்கரைப் பக்கமான மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவை, வயோதிப இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொள்ளும் வேலை. அவள் கணவன் நகுலேஸ்வரன் 1986 இல் வவுனியாவுக்கு பஸ் ஏறினான். பஸ் திரும்பி வந்தது. உடலும் இல்லை, கடிதமும் இல்லை. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிப் படிவத்தில் மணமானவரா, விதவையா என்ற இடத்தை அவள் ஒவ்வொரு முறையும் வெறுமையாக விட்டாள். அங்கிருந்த அலுவலர் ஒவ்வொரு முறையும் தனக்குத் தோன்றியதை எழுதினார். நகுலேஸ்வரனும் வெள்ளிமீன் கழகந்தான்.

“அண்ணை, அஞ்சாவது ஆளாய் இவரைப் போடுங்கோவன்” என்று அவள் அருளம்பலத்திடம் நேரிலேயே கேட்டாள்.

“ஆரை, நகுலேசையோ? பிள்ளை, குறை நினைக்காதையும். அவன் ஆடாமல் வெளியிலை இருந்து இருந்து எங்கடை வாங்கின்ரை கால் தேய்ஞ்சது.”

“ஒரு மட்சிலை பதினொரு புள்ளி எடுத்தவராம்.”

“அண்டைக்கு மற்ற ரீமுக்கு முழுக்க வயித்தாலை போனது! பிள்ளை, இது எக்காலத்துக்குமான அணி. வரலாறு எங்களைப் பாத்துக்கொண்டிருக்குது.” பிறகு, இரங்கிவிட்டார் போல, “நீர் வேணுமெண்டால் ஜேர்சி தோய்க்கிற ஆளாய்க் கடைசி வரியிலை உம்மடை பேரை எழுதும்” என்று ஒரு மேலதிகப் படிவத்தை நீட்டினார்.

மணமான பெண்ணின் பாஸ்போட்டில் முதற் கட்டத்தில் புருசன் பெயர், இரண்டாவதில் அவள் பெயர். குகனேஸ்வரி முதற் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். இரண்டாவதில் அவன் பெயரை எழுதினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அருளம்பலம் வாசித்துப் பார்த்து, எழுத்து வடிவாக இருக்கிறது என்று சொல்லி மண்டபத்துப் பெட்டியில் போட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். ஆறு வருடத்தில் அவன் காதோரம் நரைத்திருக்கக்கூடும் என்று முதலில் நினைத்தாள். இல்லை, சிறந்த வயதில்தானே வருவான் என்று பிறகு ஞாபகம் வந்தது. அவனுடைய மிகச் சிறந்த வயது தன்னோடு வாழ்ந்த வயதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பந்து வேறு விதமாக நினைத்திருந்தது. கப்பற் படியில் இறங்கி வந்தவனுக்கு இருபது வயது. மீசை சரியாக முளைக்கவில்லை. முழங்காலில் 1974 இன் புழுதி. பதினொரு புள்ளி எடுத்த சந்தோசம் இன்னும் முகத்தைவிட்டுப் போகவில்லை. அவளைக் கலியாணம் கட்ட அவனுக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது. அவள் என்றொருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது. அருளம்பலம் முன்னால் வந்து, பலேர்மோ வாழ் தமிழ் மக்கள் சார்பில் ஒரு சிறிய உரை நிகழ்த்தி, அதன் நிறைவில், “இவர் உமது வருங்கால, அதாவது கடந்தகால, தர்மபத்தினி” என்று அறிமுகம் செய்தார். அவன் கையைக் காற்சட்டையில் துடைத்தான். அவளைப் பார்த்தான். மரியாதையான பெடியன்.

“வணக்கம் அக்கா” என்றான்.

எக்காலத்துக்குமான அணி தன் ஒரே ஆட்டத்தைப் புரட்டாதியில் ஒரு பள்ளிக்கூட அணியோடு ஆடி, எழுபத்தெட்டுக்கு முப்பத்தொன்று என்று தோற்றது. கிறிகோரி பந்தைக் கீழிருந்து இரண்டு கையாலும் வீசினார். ஏர்னஸ்ற் மூன்று புள்ளிக் கோட்டை அலங்காரம் என்று நினைத்தார். சின்னையா கூடைக்குக் கீழே போய் நின்றார், அங்கிருந்து அவரை யாராலும் அசைக்க முடியவில்லை, தன் பக்கத்தாராலும். ஒரு காலம் இன்னொரு காலத்துக்குப் பந்து கொடுக்கவில்லை. நகுலேஸ்வரன் நாலு புள்ளி எடுத்தான். அருளம்பலம் ஆட்டத்தை ஏழு தடவை நிறுத்தி ஆலோசனை சொன்னார். பிறகு வந்த அறிக்கையில் இது தார்மீக வெற்றி என்று இருந்தது.

வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. போகச் சொல்லும் படிவம் எதுவும் இல்லை. கிறிகோரி வுச்சீரியாச் சந்தையில் வாள்மீன் கடைக்கு ஐஸ் தூக்கினார். சின்னையா உல்லாசப் பயணிகளை ஏற்றும் குதிரை வண்டி ஓட்டி, அந்த நகரத்திலேயே குறையில்லாத மனிதராக இருந்தார். ரொறன்ரோவிலிருந்த கிழ ஏர்னஸ்ற் மாதமொரு முறை தொலைபேசியில் இளைய ஏர்னஸ்றைக் கூப்பிட்டு வலது முழங்காலைப் பாவிக்காதே என்று ஏசினார். இளையவர், உன்ரை அலுவலைப் பார் என்று வைத்துவிடுவார்.

நகுலேஸ்வரன் குகனேஸ்வரி வீட்டில் தங்கினான், சட்டப்படி அது அவன் வீடுதான் என்று தெரிவுக்குழு தீர்மானித்திருந்தது. இருந்த ஒரு அறையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, குசினியில் மடிப்புக் கட்டில் போட்டு அவள் படுத்தாள். அவனுக்கு மொண்டெல்லோவில் ஒரு ரெஸ்ரோரன்டில் கோப்பை கழுவும் வேலை எடுத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் போகவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை, ஒரு பழைய சைக்கிளில் போய்வந்தான். அவளுடைய கறியை, முன்பு சொன்னதுபோலவே, உறைப்புக் காணாது என்றான். முன்பு சொன்னது அவனுக்குத் தெரியாது. அவளை அக்கா என்றான். சனங்கள் அவனைத் தம்பி என்று கூப்பிடும்படி அவளுக்குப் புத்தி சொன்னார்கள். அவள் அந்தச் சொல்லைத் தவிர மிச்சமெல்லாம் சொன்னாள். நீர் என்றாள். சாப்பாடு இருக்கு என்றாள், சுவரைப் பார்த்து.

1995 இல் அவன் எமிலி என்ற மொரீசியஸ் பெண்ணோடு கடற்கரையில் திரிந்தான். அவள் ஐஸ்கிறீம் கடையில் வேலை செய்தாள், அவளுடைய குடும்பத்தில் பூட்டிதான் கடைசியாகத் தமிழ் பேசியவள். பலேர்மோத் தமிழர் எல்லோரும் இதை வந்து குகனேஸ்வரியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கலியாணத்துக்கு மூன்று வருடம் முந்தி அவனுக்கு ஒருத்தியோடு ஏதோ இருந்ததென்று ஊரிலும் அவள் கேள்விப்பட்டிருந்தாள், அப்போதும் விசாரிக்கவில்லை. மணமாவதற்கு முந்தின சங்கதியில் தலையிட மனைவிக்கு உரிமை இல்லை என்பது அவள் கணக்கு. அவன் எமிலியைப் பார்க்கப் போகும் சேட்டை ஸ்திரிக்கை போட்டுக் கொடுத்தாள், கொலர் இரண்டு தடவை கருகியது. அடுத்த மாரியில் எமிலி மிலானோவுக்குப் போனாள். அவன் பதினைந்து நாள் சாப்பிடவில்லை. குகனேஸ்வரி பதினைந்து நாளும் சமைத்தாள்.

1997 இல் மீசை சரியாக வந்தது, அவளுக்குத் தெரிந்த மீசை. 1998 பங்குனியில் அவனுக்கு இருபத்தாறு ஆகிச் சில நாளில் அக்கா என்ற சொல் அந்த வீட்டில் கேட்காமல் போனது. ஒரு மாதம் போல அவன் அவளை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. குசினி வாசலில் வந்து நின்று செருமினான். வசனங்களை நடுவிலிருந்து தொடங்கினான். பதினாலு வயது மூத்தவள் என்று ஒன்றியக் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தபோது, அருளம்பலம், தம்பதியரின் வயது ஒன்றியத்தின் யாப்பு விதிகளில் குறிப்பிடப்படவில்லை என்று அறிவித்தார். அவருடைய பொதுவாழ்வில் உருப்படியாகச் சொன்னது அதுதான்.

சித்திரையில் ஒரு ஞாயிறு, பின்னேர விளையாட்டுக்கு வெளிக்கிட்டவன் ஒரு காலில் சப்பாத்தோடு அறையிலிருந்து கூப்பிட்டான்.

“இஞ்சாரும், மற்றச் சப்பாத்து எங்கை?”

யாழ்ப்பாணத்து ஆண் இஞ்சாரும் என்ற அந்த ஒரு சொல்லை இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லுவான். குகனேஸ்வரி அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் நிரம்பி வழிந்தது, குழாயைப் பூட்டவில்லை.

“கட்டிலுக்குக் கீழை பாருங்கோ” என்றாள்.

சப்பாத்து அங்கேதான் கிடந்தது.